வாடகைக் காரும் நிறுத்தக் கட்டணமும்

கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து தாங்கிய, ஓட்டுநரின்றி வாடகைக்கு எடுக்கும் காரில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் கும்பகோணத்துக்கும் சென்று திரும்பியவர், தனியார் நிறுத்துமிடம் கேட்ட கூடுதல் கட்டணத்தை, கார் நிறுவனம் முன்பணத்திலிருந்து பிடித்துக்கொண்ட பின்னரே அறிய நேரலாம். அபராதம் என்பது சட்டம் அதிகாரமளித்த அமைப்பு விதிப்பது. தனியார் கேட்பதோ ஒப்பந்தத்தின் பெயரால் எழும் பணக் கோரிக்கை மட்டுமே. இவ்வேறுபாடே அக்கோரிக்கையை மறுப்பதன் உயிர்நாடி. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என முன்கூட்டியே எத்தொகையைக் குறித்திருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவில் ஏற்கிறது. எனினும், அறிவிப்புப் பலகை தெளிவாக இருந்த ஒரு வழக்கில், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல் 85 பவுண்டு கட்டணத்தைச் செல்லும் என்றே தீர்த்தது. ஆகவே பலகையின் படமும், நேரம் குறித்த ரசீதும் பெரிதும் பயன்படும். எழுத்துவழி மறுப்பும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் பலனளிக்காவிடில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். இத்தகைய சிறுதொகை வழக்குக்குக் கட்டணமில்லை, வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்பதால், சென்னையில் வசிப்பவர் மீண்டும் தஞ்சைக்கு அலைய வேண்டியதில்லை.