தொட்டியில் விளையும் மூலிகைச் சத்து

ஜப்பான் தேசத்து முராசாகிச் செடியின் வேர், தீப்புண்ணுக்கு இடும் களிம்பில் நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டு வருகிறது. அதிலுள்ள ஷிகோனின் என்னும் செந்நிறப் பொருள் அழற்சியைத் தணிப்பதுடன், பிராணவாயுவால் உடலணுக்களுக்கு நேரும் கேட்டையும் தடுப்பதாகச் சோதனைகளில் காணப்பட்டுள்ளது. வேர் முதிரச் சில ஆண்டுகள் செல்லும். செடியையே பெயர்க்க வேண்டியிருப்பதால் காட்டில் அஃது அருகிவிட்டது.

1983-ல் மித்சுயி கம்பெனியார் இச்செடியின் உயிரணுக்களைத் தொட்டியில் வளர்த்து இப்பொருளை எடுக்கலாயினர். முதல் திரவத்தில் அணுக்கள் பெருகும். அம்மோனியா உப்பு உள்ளவரை செந்நிறம் தோன்றாது. ஆகவே அவ்வுப்பு இல்லாத இரண்டாம் திரவத்திற்கு மாற்றுவர். சுமார் 3 வாரத்தில் பலன் கிட்டும்.

ஆயினும் இம்முறைக்குச் செலவு மிகுதி. மெதுவாக விளைந்து அதிக விலை பெறும் சரக்குகளுக்கே கட்டும். விரைவில் தழைக்கும் இலை மூலிகைகளுக்கு நிலச் சாகுபடியே சிக்கனமானது. நெடுநாள் வேர்ப்பயிர் இட எண்ணுவோர், அச்சத்து தொட்டியில் விளைகிறதாவென முன்னரே விசாரித்தறிதல் நலம்.