வெலிகம குடாவின் அலையும் வானிலையும்

வெலிகம குடா இலங்கையின் தென் மாகாணத்தில், மாத்தறை மாவட்டத்தில் உள்ள வளைந்த குடா ஆகும். சிங்களத்தில் 'வெலி' என்பது மணலையும் 'கம' என்பது ஊரையும் குறிக்கும். பெயருக்கு ஏற்பக் குடாவின் கரை நெடுக மணலே உள்ளது. இரு பக்கமும் முனைகள் அணைத்திருப்பதால் திறந்த கடலின் அலைகள் இங்கே தணிந்து வருகின்றன. அலைச்சறுக்கு விளையாட்டை முதன்முதலாகக் கற்பவர்கள் இலங்கையில் அதிகம் நாடும் கரைகளுள் இதுவும் ஒன்று.

இத்தகைய காப்புள்ள கரைக்கு அலை, வானிலை முன்னறிவிப்பைப் படிப்பது தனிப் பயிற்சி. முன்னறிவிப்பில் வரும் எண்கள் பெரும்பாலும் திறந்த கடலுக்கு உரியவை. குடாவுக்குள் அந்த எண்கள் என்னவாக மாறும் என்பதை அலையின் திசை, அலைக்காலம், காற்று, ஓதம் ஆகிய நான்கையும் சேர்த்தே கணிக்க வேண்டும். குடா பல அலைகளைத் தடுக்கும். எல்லா அலைகளையும் தடுக்காது. எந்த அலை உள்ளே வரும் என்பதை அறிவதே கடலில் இறங்குபவரின் பாதுகாப்புக்கு அடிப்படை.

அமைப்பு

குடாவின் வாய் தெற்கே இந்தியப் பெருங்கடலை நோக்கியுள்ளது. கிழக்குப் பக்கத்தில் மிரிஸ்ஸ முனையும் மேற்குப் பக்கத்தில் மற்றொரு நிலமுனையும் உள்ளன. குடாவின் கிழக்குப் பகுதியில் பொல்வத்த கங்கை கடலில் கலக்கிறது. கரையை ஒட்டித் தப்ரபேன் என்னும் சிறு தீவு உள்ளது. நீர் வற்றும் நேரத்தில் அதற்கு நடந்தே செல்லலாம். குடாவில் மீன்பிடிப் படகுகள் நிறுத்தப்படுகின்றன.

அலை உடையும் இடத்தின் அடித்தளம் பவளப்பாறையாக இருந்தால் அலை ஏறத்தாழ ஒரே இடத்தில் உடையும். வெலிகமவுக்கு மேற்கே உள்ள மிதிகமவில் இத்தகைய பாறை அலைகள் உண்டு. மணல் தரையில் நிலைமை வேறு. மணல்திட்டுகள் அலையாலும் நீரோட்டத்தாலும் இடம் மாறுகின்றன. போன மாதம் அலை உடைந்த இடத்தில் இந்த மாதம் ஆழம் கூடியிருக்கலாம். பொதுவாக ஓர் அலை தன் உயரத்தைப் போல் சுமார் 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்தை அடையும்போது உடைகிறது. ஆகவே மணல்திட்டு நகர்ந்தால் அலை உடையும் இடமும் நகரும். மணல்கரைக்கு நிலையான வரைபடம் இல்லை என்பதும், ஒவ்வொரு நாளும் கரையில் நின்று பார்த்தே தீர வேண்டும் என்பதும் இதனால்தான்.

அலைகள் பிறக்கும் இடம்

வெலிகமவுக்கு வரும் நல்ல அலைகளில் பெரும்பாலானவை இலங்கைக்கு அருகே பிறப்பவை அல்ல. தெற்கு அகலாங்கு 40 முதல் 60 பாகைவரை உள்ள தென்கடலில் வலுவான புயல்கள் ஆண்டு முழுவதும் மேற்கிலிருந்து கிழக்காக நகர்கின்றன. அங்கு வீசும் காற்று கடல்பரப்பைக் கிளறி எழுப்பும் அலைகள் புயலை விட்டு விலகி, சீரான வரிசைகளாகப் பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்கின்றன. இவ்வாறு தொலைவிலிருந்து வரும் அலை 'ஸ்வெல்' எனப்படும். அருகில் வீசும் காற்றால் எழும் குழம்பிய சிற்றலை காற்றலை ஆகும்.

அடுத்தடுத்த இரு அலை முகடுகள் ஒரே இடத்தைக் கடக்க எடுக்கும் நேரம் அலைக்காலம் எனப்படும். இது நொடியில் அளக்கப்படுகிறது. அலைக்காலம் கூடக்கூட அலையின் நீளமும் வேகமும் கூடும். ஆழ்கடலில் 9 நொடி அலையின் நீளம் சுமார் 126 மீட்டர். 16 நொடி அலையின் நீளம் சுமார் 400 மீட்டர். 9 நொடி அலைக்கூட்டம் மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகத்திலும், 16 நொடி அலைக்கூட்டம் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்திலும் நகரும்.

தென்கடல் புயலிலிருந்து வெலிகமவுக்கு 5,400 கிலோமீட்டர் தொலைவு என வைத்துக்கொண்டால், 16 நொடி அலைகள் வந்துசேர ஏறத்தாழ 5 நாட்கள் ஆகும். குறைந்த அலைக்காலம் உள்ளவை அவற்றின் பின்னே வரும். எனவே ஒரு ஸ்வெல் வந்துசேரும் முதல் அடையாளம் அலையின் உயரம் அன்று; அலைக்காலம் திடீரெனக் கூடுவதே. உயரம் அரை மீட்டராகவே இருக்கும்போது அலைக்காலம் 10 நொடியிலிருந்து 17 நொடிக்குத் தாவினால், அடுத்த ஓரிரு நாட்களில் அலை பெரிதாகும் வாய்ப்பு அதிகம்.

குடாவின் வடிகட்டல்

ஓர் அலை தன் நீளத்தில் பாதி அளவு ஆழமுள்ள நீரை அடையும்போது கடலடியை 'உணர'த் தொடங்குகிறது. 9 நொடி அலை சுமார் 63 மீட்டர் ஆழத்திலும், 16 நொடி அலை சுமார் 200 மீட்டர் ஆழத்திலும் கடலடியை உணரும். கடலடியை உணர்ந்த அலை, ஆழம் குறைந்த பக்கத்தில் வேகம் குறைந்து, அந்தப் பக்கமாக வளைகிறது. நீண்ட அலைக்காலம் உள்ள அலை முன்கூட்டியே வளையத் தொடங்குவதால் முனையைச் சுற்றிக் குடாவுக்குள் நுழையும் திறன் அதற்கு அதிகம். குறுகிய அலைக்காலம் உள்ள அலை முனையில் மோதியோ, குடா வாயைக் கடந்து நேராகச் சென்றோ ஒழியும்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரு நாட்களிலும் திறந்த கடல் அலையின் உயரம் 1.5 மீட்டர் என முன்னறிவிப்பு சொல்கிறது. முதல் நாள் அலை மேற்கிலிருந்து 9 நொடி அலைக்காலத்துடன் வருகிறது. குடாவுக்குள் அதன் பெரும்பகுதி நுழையாது. கரையில் முழங்கால் அளவுக்கு வலுவற்ற அலை மட்டும் இருக்கக்கூடும். இரண்டாம் நாள் அலை தெற்கிலிருந்து 16 நொடி அலைக்காலத்துடன் வருகிறது. அது குடா வாய்க்குள் நேராக நுழைந்து, ஆழம் குறையும்போது உயர்ந்து, திறந்த கடலில் இருந்ததைவிடப் பெரிதாகவும் உடையக்கூடும். உயரத்துக்கான எண் ஒன்றே. கரையில் காணும் கடல் வேறு.

அலையின் ஆற்றல் கடத்தலும் அலைக்காலத்தைப் பொறுத்தது. ஒரே உயரமுள்ள 8 நொடி அலையைவிட 16 நொடி அலை ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றலைக் கரைக்குக் கொண்டுவருகிறது.

பருவமும் காற்றும்

இலங்கையின் தென்கரையில் அலைச்சறுக்குக்கு ஏற்ற பருவம் பொதுவாக நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெலிகமவில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் நாட்கள் அதிகம். அந்தக் காற்று அலையின் முகத்தைத் தடவி வழவழப்பாக்கும். அலை உடைவதைச் சற்றுத் தாமதப்படுத்தி வடிவாக நிற்கச் செய்யும். தென்கடலுக்கு அது கோடைக்காலம் ஆதலால் அங்கிருந்து வரும் அலைகளும் அளவாக இருக்கும்.

மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை ஈழத்து மீனவர் சோழகம் என்பர். அப்போது காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசுவதால் அலைகள் குழம்பி உடையும். தென்கடலில் அதே மாதங்கள் குளிர்காலம். புயல்கள் வலுப்பதால் ஸ்வெல்லும் பெரிதாகும். இக்காலத்தில் அலைச்சறுக்கு நாடுவோர் கிழக்குக் கரையில் பொத்துவிலுக்கு அருகே உள்ள அறுகம் குடாவுக்குச் செல்கின்றனர். அங்கே தென்மேற்குக் காற்று நிலத்தைக் கடந்து கடலை நோக்கி வீசுவதே காரணம்.

நல்ல பருவத்திலும் ஒரு நாளுக்குள் காற்று மாறும். இரவில் நிலம் விரைவில் குளிர்வதால் அதிகாலையில் நிலக்காற்று மெல்ல வீசும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, முற்பகல் முடிவதற்குள் கடற்காற்று தொடங்கும். பிற்பகலில் அலையின் முகம் கலங்கிவிடும். பயிற்சிகள் காலையில் அதிகம் நடப்பதற்கு இதுவே காரணம்.

பருவங்களுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை பொதுவானது. ஸ்வெல்லின் வருகையைப் பல நாட்களுக்கு முன்பே கணிக்க முடியும். இடிமழை எந்தக் கரையில், எந்த மணிக்கு வரும் என்பதைச் சில மணிநேரத்துக்கு முன்புதான் ஓரளவு சொல்ல முடியும். ஆகவே முன்னறிவிப்பின் எல்லாப் பகுதிகளையும் ஒரே அளவுக்கு நம்பலாகாது. இடியோசை கேட்டதும் நீரை விட்டு வெளியேறி, கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் காத்திருப்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி.

பெருமழைக்குப் பின் பொல்வத்த கங்கையின் வழியே கலங்கல் நீரும் மரத்துண்டுகளும் கழிவும் குடாவுக்குள் வரும். அந்த நாட்களில் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியைத் தவிர்ப்பது நல்லது.

ஓதம்

இலங்கைக் கடலில் ஓத வேறுபாடு சிறிது. ஒரு மீட்டருக்கும் குறைவு. ஒரு நாளில் இரு முறை பெருக்கும் இரு முறை வற்றும் உண்டு. சாய்வு குறைந்த மணல்கரையில் இந்தச் சிறு வேறுபாடும் கணக்கில் வரும். வற்றில் அலை வெளித்திட்டில் சட்டென உடையும். பெருக்கில் அதே அலை திட்டைத் தாண்டி வந்து கரையோரத்தில் உடையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு கூடும்.

முன்னறிவிப்பை வாசிக்கும் முறை

முன்னறிவிப்பைப் பின்வரும் வரிசையில் வாசிப்பது குழப்பத்தைக் குறைக்கும்.

1. அலைக்காலம்: 10 நொடிக்குக் கீழே எனில் குடாவுக்குள் அலை பெரும்பாலும் தணிவு. 14 நொடிக்கு மேலே எனில் உயரம் குறைவாகத் தெரிந்தாலும் கவனம் தேவை.

2. திசை: தெற்கிலிருந்து வரும் அலை நேராக நுழையும். மேற்குச் சாய்வு கூடக்கூட முனையின் காப்பு கூடும்.

3. உயரம்: முதல் இரண்டையும் பார்த்த பின்னரே இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

4. காற்றின் திசையும் வேகமும், மணி வாரியாக.

5. ஓத நேரம், இடிமழை வாய்ப்பு, அதிகாரபூர்வ எச்சரிக்கை. இலங்கையில் கடல்சார் எச்சரிக்கைகளை வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடுகிறது.

இவற்றுக்குப் பின் கரையில் நின்று குறைந்தது 15 நிமிடங்களாவது கடலைப் பார்க்க வேண்டும். நீண்ட அலைக்காலம் உள்ள ஸ்வெல் கூட்டம் கூட்டமாக வருகிறது. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையே கடல் பல நிமிடங்கள் அமைதியாகக் கிடக்கும். அந்த அமைதியை மட்டும் பார்த்து இறங்குபவர் அடுத்த கூட்டத்தில் அகப்படுவார்.

தெளிந்த வானமும் கள்ளக்கடலும்

காற்றோ மழையோ இல்லாத நாளில், தொலைவில் பிறந்த நீண்ட அலைகள் கரையில் திடீரென ஏறுவதைக் கேரள மீனவர் கள்ளக்கடல் என்பர். திருடனைப் போல் சொல்லாமல் வரும் கடல் என்பது பொருள். இதற்கும் வெலிகமவுக்கு வரும் ஸ்வெல்லுக்கும் மூலம் ஒன்றே, தென்கடல் புயல்களே. இந்தியாவில் இதற்கான முன்னெச்சரிக்கையை ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடுகிறது.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். கள்ளக்கடல் குறித்த எச்சரிக்கை அதற்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. புயல் அருகில் இல்லாததால் கடலும் அமைதியாகவே இருக்கும் என்று கொள்ளக் கூடாது என்பதற்கு அந்த நாள் சான்று.

காப்புள்ள குடாவில் இந்த ஆபத்து மேலும் மறைவானது. ஆண்டின் பெரும்பகுதி தணிந்த அலையைப் பார்த்துப் பழகியவர்களும், நீந்தத் தெரியாதவர்களும், குழந்தைகளும் அங்கே அதிகம். நீண்ட ஸ்வெல் நுழையும் நாளில் கரையில் குவியும் நீர், மணல்திட்டுகளின் இடைவெளி, முனையின் ஓரம், ஆற்று முகத்துவாரம் வழியே கடலுக்குத் திரும்பும். இதுவே இழுவை ஓட்டம். இரு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவே அலை உடையாமல் கலங்கலாகத் தெரியும் ஒடுங்கிய பாதை இதன் அடையாளம். பழக்கமில்லாதவர் அதையே அமைதியான இடம் என எண்ணி இறங்குவதுண்டு.

இழுவை ஓட்டம் ஆளை நீருக்கு அடியில் இழுப்பதில்லை. கரையிலிருந்து வெளியே கொண்டுசெல்கிறது. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துபவர் களைத்து மூழ்குகிறார். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்பதும், முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி ஓட்டத்தை விட்டு விலகுவதும் சரியான வழி. சறுக்குப் பலகை வைத்திருப்பவர் எக்காரணம் கொண்டும் பலகையைக் கைவிடக் கூடாது. அதுவே அவருக்கு மிதவை. உயிர்காப்பாளர் உள்ள கரையில் சிவப்பு, மஞ்சள் கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி குளிப்பதற்கு உரியது. சிவப்புக் கொடி மட்டும் பறந்தால் கடலில் இறங்கக் கூடாது.