லாரியின் பின்னால் இருப்பவரும் வீடு திரும்ப வேண்டும்

ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் பல பகுதிகளில் கார்களுக்கு வேகவரம்பே கிடையாது என்று வியப்பவர்கள் உண்டு. அங்கும் 1978 முதல் மணிக்கு 130 கிலோமீட்டர்தான் பரிந்துரைக்கப்படும் வேகம். கனரக லாரிகளுக்கு 80தான் வரம்பு.

சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் அதிகபட்சம் 90. அது குறைவுதானே என்று தோன்றலாம். ஆனால், அந்த வேகத்தில் ஒரு நொடிக்குள் வாகனம் 25 மீட்டர் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடுகிறது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும்.

காரில் இருப்பவரை இருக்கைவார் காக்கிறது. லாரியின் பின்தளத்தில் அமர்ந்து செல்லும் ஊழியருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2021 ஏப்ரல் 20ஆம் தேதி காலை, தீவு விரைவுச்சாலையில் 17 வெளிநாட்டு ஊழியர்களை ஏற்றிச் சென்ற லாரி, நின்றுகொண்டிருந்த டிப்பர் லாரிமீது மோதியது. இருவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் இந்தியர்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கும் பலர், மறுநாள் விடியலில் லாரி ஏறுகிறார்கள். முன்னால் செல்லும் வாகனத்திலிருந்து போதிய இடைவெளி விட்டு ஓட்டினால், ஓட்டுநருக்கு அந்த ஒரு நொடி கிடைக்கும். பின்னால் இருப்பவர்களின் உயிர் அந்த நொடியில்தான் இருக்கிறது.