கர்ப்பிணிகளும் கூட்டு முயற்சியும்

நூலையும் விதையையும் கூட்டாக வாங்கிப் பழகிய நம் அங்கத்தினர்களுக்கு, கர்ப்பகாலப் பாதுகாப்பையும் கூட்டாகத் தேடலாம் என்பது புதுமையாகத் தோன்றாது. நேபாளத்தின் மக்வான்பூர் ஜில்லாவில் 2001 முதல் 2003 வரை நடந்த பரிசோதனை ஒன்றை இங்கு விளக்க விரும்புகிறோம்.

அங்கே அக்காலத்தில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நிகழ்ந்தன. 12 பகுதிகளில் மாதந்தோறும் பெண்கள் குழுக்கள் கூடின. கூட்டத்தை நடத்தியவர் வைத்தியர் அல்லர். எழுதப் படிக்கத் தெரிந்த உள்ளூர்ப் பெண். அவர் பிரசங்கம் செய்யவில்லை. (பிரசங்கத்திற்கு நம் கிராமங்களிலும் பஞ்சமில்லை!) பிரசவத்தில் நேரும் ஆபத்துகளைப் படங்களில் காட்டி, நம் ஊரில் என்ன செய்யலாம் என்று வினவினார். விடை பெண்களிடமிருந்தே வந்தது. சில குழுக்கள் பொதுநிதி திரட்டின. சில, நோயாளியைச் சுமந்து செல்லத் தூக்குக்கட்டில் ஏற்பாடு செய்தன. சில, சுத்தமான பிரசவத்திற்குரிய பொருள்களைப் பொட்டலமாக்கி வழங்கின.

குழுக்கள் இல்லாத வேறு 12 பகுதிகளோடு ஒப்பிட்டனர். சுகாதார நிலையங்கள் இருதரப்பிலும் சீர்செய்யப்பட்டிருந்தன. எனினும், பிறந்த 28 நாட்களுக்குள் இறந்த சிசுக்கள் குழுக்கள் இல்லாத இடத்தில் ஆயிரத்துக்கு 37. இருந்த இடத்தில் 26. இறந்த தாய்மார் முறையே 11, 2. இவ்வெண்ணிக்கை சிறிதாகையால் அதைக்கொண்டு மிகைபடக் கூறலாகாது.

குழு, பரிசோதனைக்கு மாற்று அன்று. இரத்த அழுத்தத்தைப் பேசி அளக்க இயலாது. கர்ப்பகாலத்தில் குறைந்தது 8 முறையேனும் சுகாதார ஊழியரைக் காணவேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2016-இல் கூறியுள்ளது. மக்வான்பூரில் குழுக்கள் கூடிய பகுதிகளிலேதான் பரிசோதனைக்குச் சென்றவர்களும், ஆஸ்பத்திரியில் பிரசவித்தவர்களும் மிகுந்திருந்தனர்.