மலைமேல் நகரில் மழலை மொழி



உரோமையில் மேற்படிப்பு படிக்கச் செல்லும் குருக்களும் அருட்சகோதரிகளும் முதலில் இத்தாலிய மொழி கற்க வேண்டும். அதற்காகப் பலர் செல்லும் இடம், நடு இத்தாலியில் மலைமேல் அமைந்த பெருஜியா. வெளிநாட்டவருக்கென 1921-ல் வகுப்புகளாகத் தொடங்கி, 1925-ல் பல்கலைக்கழகமான கல்விநிலையம் அங்கே உள்ளது.

வகுப்பறையில் நம்மவர் மீண்டும் குழந்தையாகிறார். தமிழில் புத்தகமும் நாற்காலியும் அஃறிணை. இத்தாலியத்தில் புத்தகம் ஆண்பால், நாற்காலி பெண்பால். மரியாதைக்குரிய 'நீங்கள்' என்பதற்கும் 'அவள்' என்பதற்கும் 'லேய்' என்ற ஒரே சொல்தான். மறையுரையில் வல்லவர், ரொட்டிக் கடையில் திக்கித் திணறுவார்.

அந்த ரொட்டியிலும் உப்பிருக்காது. திருத்தந்தை மூன்றாம் பவுல் விதித்த உப்பு வரியை எதிர்த்து 1540-ல் நகரமே கிளர்ந்தெழுந்ததன் நினைவு அது என்று மக்கள் கூறுவர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. மக்களின் வீடுகள்மேல் திருத்தந்தை பெரிய கோட்டை எழுப்பினார். 19ஆம் நூற்றாண்டில் மக்கள் அதை இடித்துத் தள்ளினர். இன்று மின்படிக்கட்டில் ஏறினால், கோட்டைக்கு அடியில் புதைந்திருந்த பழைய தெருக்கள் வழியாகவே நகருக்குள் செல்லலாம்.

நகரின் மேலிருந்து பார்த்தால் எதிரே அசிசி தெரியும். 1202-ல் பெருஜியாவுக்கு எதிரான போரில் பிடிபட்ட இளைஞர் பிரான்சிஸ், இந்நகரில் ஏறத்தாழ ஓராண்டு சிறையிருந்தார். வாளேந்தி வந்த அவரே பின்னாளில் ஏழைகளின் சகோதரரானார். 1225-ஐ ஒட்டி, படைப்புகளுக்காக இறைவனைப் புகழும் பாடலை அவர் இலத்தீனில் அல்ல, அப்பகுதி எளிய மக்களின் பேச்சுமொழியில் இயற்றினார். இத்தாலிய இலக்கியத்தின் தொடக்கப் படைப்புகளில் ஒன்றாக அது போற்றப்படுகிறது.

மக்கள்மேல் எழுப்பிய கோட்டை விழுந்தது. மக்கள் மொழியில் எழுந்த பாடல் வாழ்கிறது. திருஅவை கற்க வேண்டிய பாடம் இது. பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவியார் மக்களையெல்லாம் ஒரே மொழிக்குள் அடைக்கவில்லை. அவரவர் மொழியிலேயே அவரவருக்கு நற்செய்தி கேட்டது.

இன்று ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்துள்ள சகோதரர்கள் நம் ஆலயங்களின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். திருப்பலி முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமலே போய்விடுகிறார்கள். அவர்கள் தமிழ் கற்கட்டும் என்று காத்திருக்கிறோமா? வருகிற ஞாயிறு அவர்கள் மொழியில் ஒரு வணக்கமாவது கற்றுக்கொண்டு வருவோம். தவறாகச் சொன்னால் அவர்கள் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பில் தொடங்கும் உறவை இறைவன் ஆசீர்வதிப்பாராக!