கோபம் கீழே இறங்கும்

விண்வெளி நிலையத்தில் கூட இருப்பவரோடு மனஸ்தாபம் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை போய்வர முடியாது. மாதக்கணக்கில் அதே நாலு முகம், அதே சுவர். அப்படியானால் கோபம் எங்கே போகும்? பெரும்பாலும் பூமிக்குத்தான். பக்கத்தில் இருப்பவரைப் பகைத்துக்கொண்டால் பிழைப்பே கஷ்டம் என்பதால், ரேடியோவில் பேசும் தரைக் கட்டுப்பாட்டு மையத்தின் மேல் எரிந்து விழுவார்கள். ஆபீசில் வாங்கியதை வீட்டில் காட்டுகிறோமே, அதே சங்கதி.

ஆனால் மேலிருந்து வரும் முணுமுணுப்பையெல்லாம் இந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தப்பு கீழே இருப்பவர்கள் மேலும் இருக்கலாம். அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தின் கதை அப்படித்தான்.

1973 நவம்பரில் ஜெரால்ட் கார், எட்வர்ட் கிப்சன், வில்லியம் போக் மூவரும் அந்த நிலையத்துக்குப் போனார்கள். மூவருக்கும் அதுதான் முதல் பயணம். போன உடனேயே போக் வாந்தி எடுத்தார். கீழே சொன்னால் வீண் கலவரம் என்று மறைத்துவிடலாம் என மூவரும் பேசிக்கொண்டார்கள். பேசியது நிலையத்தின் டேப்பில் பதிவாகி, ஹூஸ்டனில் இருந்த கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய்விட்டது. விண்வெளி வீரர்களின் தலைவராக இருந்த ஆலன் ஷெப்பர்ட் எல்லோர் காதிலும் விழும்படி ரேடியோவிலேயே கண்டித்தார். உறவு அங்கேயே கசந்தது.

அடுத்த தொல்லை வேலைப் பட்டியல். முந்தைய குழு பழகித் தேறிய பிறகு எட்டிய வேகத்தை, இந்தப் புதியவர்களிடம் முதல் நாளிலிருந்தே எதிர்பார்த்தார்கள். டெலிபிரின்டரில் நீளநீளமாகக் காகிதம் வந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரமும் மிஞ்சவில்லை. டிசம்பர் 30 அன்று இரு தரப்பும் மனம்விட்டுப் பேசின. கூட்டிப் பெருக்குவது போன்ற சில்லறை வேலைகளை நேரம் கிடைக்கும்போது செய்துகொள்ளலாம், சாப்பிடும்போது தொந்தரவு இல்லை என்று முடிவானது. அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. 84 நாள் முடித்துத் திரும்பினார்கள். ‘விண்வெளியில் வேலைநிறுத்தம்’ என்று இன்றும் உலவும் கதையை வீரர்களே மறுத்திருக்கிறார்கள். சுவாரசியமான கதை என்பதால் அது சாக மறுக்கிறது.

மாஸ்கோவில் 2010 ஜூனிலிருந்து 2011 நவம்பர் வரை, ஆறு பேர் ஒரு கட்டடத்துக்குள் 520 நாள் அடைந்து கிடந்து செவ்வாய்ப் பயணத்தை நடித்துப் பார்த்தார்கள். மார்ஸ்-500 என்று பெயர். அங்கேயும் தங்களுக்குள் நடந்த உரசல்களைவிட, வெளியே இருந்த கட்டுப்பாட்டு மையத்தோடு நடந்தவை ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் என்று குழுவினர் எழுதிக்கொடுத்தார்கள்.

நிஜமான செவ்வாய்ப் பயணத்தில் இந்த வடிகாலும் அடைபடும். தொலைவு கூடும்போது ஒரு வார்த்தை பூமிக்கு வந்து சேரவே 22 நிமிடம் வரை ஆகும், பதில் போக இன்னொரு 22. கத்தியவர் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுவரை எதிரே இருப்பவர் பக்கத்தில் மிதப்பவர் மட்டும்தான்.