முட்டியில் கிழிந்தது எது?

1848-ல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அமெரிக்க மிஷன் அனுப்பிவைத்த இளம் மருத்துவர் அவர். முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆங்கிலம் கற்ற மாணவர்களின் கண்ணும் காலும் அரசாங்க உத்தியோகத்தை நோக்கியே போவதை அவர் சில வருடங்களிலேயே பார்த்துவிட்டார். ஊரில் இருந்து ஊராருக்கு வைத்தியம் செய்யப்போகிறவன் ஊராரின் மொழியிலேயே படிக்கட்டும் என்று 1860-களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். பாடம் தமிழானதும் புத்தகமும் தமிழில் வேண்டுமே. ஹென்றி கிரேயின் உடற்கூறு நூல் லண்டனில் முதன்முதலில் வெளிவந்தது 1858-ல். அதைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872-ல் யாழ்ப்பாணத்தில் அச்சாகிவிட்டது. இடைவெளி 14 ஆண்டுதான்.

இது எவ்வளவு பெரிய வேலை என்பதை உணர ஒரு தொடை எலும்பை எடுத்துக்கொண்டால் போதும். பொதுமக்களுக்கு அது ஒரே எலும்பு. உடற்கூறு படிக்கிறவனுக்கு அதில் தலை உண்டு, கழுத்து உண்டு, பெரிய முடிச்சும் சின்ன முடிச்சும் உண்டு, தசை வந்து பற்றும் வரம்பு உண்டு, ரத்தக்குழாய் நுழையும் துளை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேண்டும். கிறீனும் அவருடைய தமிழ் மாணவர்களும் ஒரு முறை வகுத்துக்கொண்டார்கள். முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் உதவாவிட்டால் மேல்நாட்டுச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. உடற்கூற்றுக்கு வைத்த அங்காதிபாதம், உடலியக்கவியலுக்கு வைத்த சுகரணம் போன்ற சொற்கள் இன்று நம் நாவில் நிற்கவில்லைதான். ஆனால் நோயாளிக்கும் வைத்தியனுக்கும் நடுவே ஒரே மொழி இருக்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

தேடிய இடத்தில் தமிழ் வெறுங்கையோடு நிற்கவுமில்லை. கழுத்தில் அணியும் காறை எந்த எலும்பின் மேல் படிந்து கிடக்குமோ அது காறை எலும்பு. கரும்பில் இருப்பது போன்ற கணு காலில் இருந்தால் கணுக்கால். பாண்டி ஆடும் பிள்ளைகள் எறிகிற சில்லுதான் முழங்காலின் முன்னே மிதக்கும் சில்லு. குதிகாலை உயர்த்தினால் பின்னங்காலில் கெண்டை மீனாகத் துள்ளி எழுவது கெண்டைச்சதை. மூட்டு இடம்பெயர்ந்தால் 'பூட்டு விட்டுப்போச்சு' என்று கிராமத்தில் இன்றும் சொல்கிறார்கள். எல்லாமே கண்ணால் பார்த்து, கையால் தொட்டு வைத்த பெயர்கள். மேலைநாட்டில் மட்டும் என்ன? கீழ்க்கால் எலும்பான டிபியா என்றால் இலத்தீனில் புல்லாங்குழல், முழங்கால் சில்லான பட்டெல்லா என்றால் சிறு தட்டு, காறை எலும்பான கிளாவிக்கிள் என்பது குட்டிச் சாவி. தசையைக் குறிக்கும் மசில் என்ற சொல்லின் வேர் சுண்டெலி. தோலுக்கு அடியில் ஏதோ ஓடி விளையாடுவதைக் கண்ட ரோமானியனுக்கு எலி தோன்றியிருக்கிறது, குளத்தங்கரைத் தமிழனுக்குக் கெண்டை.

பெயர் மட்டுமல்ல, அன்று எலும்புகளின் எண்ணிக்கையும் வேறு. வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்பு என்று இன்று பள்ளிப்பிள்ளை சொல்லும். பழைய ஆயுர்வேத ஆசிரியர்களில் சுசுருதர் 300 என்றார், சரகர் 360 என்றார். அவர்கள் எண்ணத் தெரியாதவர்கள் அல்லர், பல்லையும் எலும்புக் கணக்கில் சேர்த்தார்கள். காது மடலிலும் மூக்கு நுனியிலும் வளைந்துகொடுக்கும் பகுதிக்கு 'இளம் எலும்பு' என்று பொருள்படும் பெயரை வைத்து அதையும் சேர்த்தார் சுசுருதர். தமிழ்நாட்டுப் பாடநூலில் அதே பகுதிக்குப் பெயர் குருத்தெலும்பு. குழந்தையின் எலும்பு முதலில் பெரும்பாலும் குருத்தாக இருந்து பின்னரே கெட்டிப்படுகிறது என்று இன்று நமக்குத் தெரியும். அந்தப் பழைய பார்வை அவ்வளவு தூரம் சரியாகப் போயிருக்கிறது. இலங்கைப் பாடநூலில் இதே பொருள் கசியிழையம். அங்கே எலும்பும் என்புதான். தொடையென்பு, புயவென்பு என்று படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் தொடை எலும்பு, மேற்கை எலும்பு என்று படித்த தஞ்சாவூர்ப் பிள்ளையும் மருத்துவக் கல்லூரி வாசலில் இரண்டையும் விட்டுவிட்டு ஃபீமர், ஹியூமரஸ் என்று ஒன்றாகிவிடுகிறார்கள்.

அப்படி உலகமே ஒரு பெயரில் ஒன்றானதும் பழைய கதை இல்லை. ஒவ்வொரு நாட்டுப் பேராசிரியரும் தத்தம் பெயரை வைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஏறக்குறைய 5,000 உறுப்புக் கூறுகளுக்குச் சுமார் 50,000 பெயர்கள் புழங்கின. 1895-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய உடற்கூறு அறிஞர்கள் ஒன்றுக்கு ஒரு பெயர் என்று களையெடுத்தார்கள். 1955-ல் பாரிஸில் ஒரு திருத்தம், 1998-ல் இன்னொரு பட்டியல். கிரேக்க வீரன் அகிலிஸின் பெயர் தாங்கிய குதிகால் நாண் அதிகாரப்பூர்வப் பட்டியலில் வெறும் குதிகால் நாண் ஆகிவிட்டது. பாசல் பட்டியல் வந்த அதே 1895-ன் இறுதியில் ரான்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டார். பெயர் ஒழுங்கானதும் உயிரோடிருப்பவரின் எலும்பைப் பார்க்கும் வழி திறந்ததும் ஒரே வருடத்தில். மதுரையில் எடுத்த ஸ்கேனை டொரன்டோவில் இருக்கும் மகன் அங்குள்ள டாக்டரிடம் காட்டி மறுகருத்துக் கேட்க முடிகிறது என்றால், அந்தக் களையெடுப்புக்கும் அதில் பங்குண்டு.

அலோபதிக்கு வெளியே, சித்த மருத்துவத்தில் வேறொரு பெயர்முறை அறுபடாமல் வந்துகொண்டிருக்கிறது. யூகி முனிவர் பெயரில் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாதநோயை 80 வகையாகப் பிரிக்கிறது. அரசு சித்த மருத்துவமனையில் முட்டித் தேய்வுக்கு அழல் கீல்வாயு என்கிறார்கள், கழுத்து எலும்புத் தேய்வுக்குச் சகன வாதம், தோள் இறுகிப்போனால் கும்ப வாதம். கீல் என்றால் மூட்டு, அழல் என்றால் எரிச்சலும் சூடும். இடத்தையும் நோயாளி உணர்வதையும் சேர்த்துக் கட்டிய பெயர் அது.

இப்போது இன்றைய மருத்துவமனை வராந்தாவுக்கு வருவோம். வண்டியிலிருந்து விழுந்தவர் கையில் எம்.ஆர்.ஐ. அறிக்கை இருக்கிறது, முழுக்க ஆங்கிலத்தில். என்ன ஆச்சு என்று கேட்டால் கிடைக்கும் பதில்: "ஜவ்வு கிழிஞ்சிருக்கு." சவ்வு என்ற சொல் மெல்லிய தோல் போன்ற படலத்தைக் குறித்தது. ஜவ்வு ஆனபின் அது முட்டிக்குள் இருக்கும் ஏறக்குறைய எல்லாவற்றையும் குறிக்கிறது. எலும்போடு எலும்பைக் கட்டும் நாரும் ஜவ்வு, இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் கிடக்கும் மெத்தையும் ஜவ்வு, எலும்பு முனையைப் போர்த்திய குருத்தெலும்பும் ஜவ்வு. முதுகுக்குப் போனால் முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கும் ஜவ்வுதான்.

இவை ஒவ்வொன்றின் தலைவிதியும் வேறு. முட்டியின் உட்பக்க நார் கிழிந்தால் பெரும்பாலும் பட்டை போட்டு, பயிற்சி செய்தே தேறிவிடலாம். மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் முன்பக்க நார், கபடிக்காரர்களும் கால்பந்துக்காரர்களும் ஏ.சி.எல். என்று மனப்பாடமாகச் சொல்வது, முழுக்க அறுந்தால் தானாகச் சரியாக ஒட்டுவது அரிது. தொடர்ந்து விளையாட விரும்புகிறவருக்கு வேறிடத்துத் தசைநாண் எடுத்து அங்கே பொருத்துவார்கள். பிறை மெத்தையின் வெளி ஓரத்துக்கு ரத்த ஓட்டம் உண்டு, தைத்தால் ஒட்டும். உள் ஓரத்துக்கு அது கிடையாது. தேய்ந்த குருத்தெலும்போ மறுபடி அதே தரத்தில் வளர்வதில்லை. "பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஜவ்வுதான், கட்டுப் போட்டே சரியாயிடுச்சு" என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவரும், கட்டோடு போகக்கூடியதற்குக் கடன் வாங்கிக் கத்தி வைக்க ஓடுகிறவரும் இந்த ஒரு சொல்லால்தான் ஏமாறுகிறார்கள்.

இன்னும் இரண்டு சொற்கள் என்னை உறுத்துகின்றன. ஒன்று 'தேய்மானம்'. முட்டியில் தேய்மானம் என்று கேட்ட அம்மா அன்றோடு நடையை நிறுத்திவிடுகிறார், நடந்தால் மிச்சமும் தேய்ந்துபோகும் என்று. ஆனால் இன்றைய மருத்துவ வழிகாட்டல்கள் முட்டிவாதத்துக்கு முதலில் சொல்வதே தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் நடையும்தான். இன்னொன்று 'டிஸ்க் விலகிருச்சு'. டிஸ்க் எங்கும் விலகி ஓடுவதில்லை, அதன் உள்ளே இருக்கும் மென்மையான பொருள் ஓரமாகப் பிதுங்குகிறது, சில வேளை அருகே ஓடும் நரம்பைத் தொடுகிறது. 1994-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிப்பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அறிக்கையில் அந்த வரி இருப்பதனாலேயே வலிக்குக் காரணம் அதுவென்று ஆகிவிடாது. விலகிவிட்டது என்று கேட்டவரோ குனியவே அஞ்சி வருடக்கணக்கில் விறைத்த முதுகோடு நடமாடுகிறார்.

வலியைச் சொல்லும்போது நோயாளி பேசுகிற தமிழ் இந்தச் சொற்களைவிட எவ்வளவோ கூர்மையானது. குடைச்சல், கடுப்பு, உளைச்சல், சுருக்கென்று குத்துதல், பிடிப்பு, இழுப்பு, மதமதப்பு: எதுவும் இன்னொன்று அல்ல. இரவில் படுத்தால் குடைகிறது என்பவரையும், காலையில் எழுந்ததும் விரலெல்லாம் பிடித்துக்கொண்டு வெயில் ஏற ஏற இளகுகிறது என்பவரையும், பெருவிரல் மதமதவென்று இருக்கிறது என்பவரையும் நல்ல மருத்துவர் மூன்று வேறு திசையில் விசாரிப்பார். காலை நேர இறுக்கம் மூட்டின் அழற்சியைக் காட்டலாம், மதமதப்பு நரம்பைக் காட்டலாம். பத்துக்கு எத்தனை மதிப்பெண் வலி என்று மட்டும் கேட்கும் படிவத்தில் இவற்றுக்கு இடமில்லை.

கடன்சொல்லைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஜிம்முக்குப் போகும் பையன் ஹாம்ஸ்ட்ரிங் எது, பைசெப்ஸ் எது என்று தொட்டுக் காட்டுகிறான். தன் உடம்பின் ஒரு பகுதி எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் அதன் பெயர் எந்த மொழியிலிருந்து வந்தால் என்ன? நம் மருத்துவமனைகள் பலவற்றில் நிலைமை தலைகீழ். ஒப்புதல் படிவம் தமிழில் அச்சாகியிருக்கிறது. செய்யப்போகும் அறுவையின் பெயரை மட்டும் பேனாவால் ஆங்கிலச் சுருக்கத்தில் எழுதுகிறார்கள், அதன் கீழே அந்த மனிதர் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கோட்டில் இப்படி எழுத எந்தக் கலைச்சொல் அகராதியும் தேவையில்லை: வலது முழங்காலின் நடுவே குறுக்காக ஓடும் முன்பக்க நார் அறுந்துள்ளது, உங்கள் தொடையின் பின்புறத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்தப்போகிறோம்.